பதினேழாம் பிறழ்வு

புதன்கிழமை காலை நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, இன்குபேட்டருக்கு முன்னால் ரிஸ்வானா அழுதுகொண்டு நின்றாள். ஆய்வு மாணவிகள் அழுவது எனக்குப் புதிதல்ல. ஈஸ்ட் வளராவிட்டால் அழுவார்கள், வளரக் கூடாத தட்டில் வளர்ந்தாலும் அழுவார்கள், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றாலும் இங்கே வந்துதான் அழுவார்கள். அதனால் பையை மேசையில் வைத்து, முகம் கழுவி, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆற அமரத்தான் அவளிடம் போனேன்.

"மேடம், நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன். மூணு வாரமா உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். திட்டாதீங்க."

"என்ன ஆச்சுன்னு சொல்லு முதல்ல."

"பதினேழு செத்துப்போச்சு மேடம். முப்பத்தொன்பது டிகிரியில."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு சாகாது. எங்கள் ஆய்வகத்துக்கு இந்தக் கட்டடம், இந்தக் கருவிகள், வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் வந்ததே பதினேழு சாகாது என்பதால்தான்.

அது என்ன பதினேழு என்று சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். அது மொட்டு விட்டு மகளைப் பெறும், பிறகு மகளைத் தனியே அனுப்பிவிடும். அந்தப் பிரிவினையைக் கூட இருந்து நடத்தி வைக்கிற புரதம் ஒன்று உண்டு. ஏட்டில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் தாய்மாமன். பேராசிரியர் வேதரத்தினம் வைத்தது. கல்யாண வீட்டில் சீர் கொண்டு வருவதும் மாமன், பந்தியைக் கவனிப்பதும் மாமன், மண்டபத்துச் சாவியும் மாமன் இடுப்பில். மாமனை வெளியே அனுப்பிவிட்டால் கல்யாணமே நின்றுபோகும். ஆனால் எந்த வேலை நடக்காமல் நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மாமனைக் கொல்லக் கூடாது, அவர் கையிலிருந்து ஒரே ஒரு வேலையை மட்டும் பிடுங்கிக்கொண்டு மற்றது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக அவருடைய மரபணுவில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றினோம். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பிறழ்வு. மொத்தம் நாற்பது செய்தோம். முக்கால்வாசி மாமன்கள் செத்தார்கள், மீதிப் பேர் குழம்பிப்போனார்கள். பதினேழாவது மட்டும் தங்கம்.

தாய்மாமனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு பிரிவு முடிந்ததும் அடுத்ததை ஆரம்பி, அடுத்ததை ஆரம்பி என்று அவசரப்படுத்துவார். பதினேழாம் பிறழ்வில் அந்த அவசரம் மட்டும் போய்விட்டது, மற்ற எல்லா வேலையும் ஒழுங்காக நடந்தது. முப்பது டிகிரியில் வளர்ந்தது, நாற்பதிலும் வளர்ந்தது.

மனித உடம்பிலும் இதே மாமன் இருக்கிறார். என் அம்மா வழிக் குடும்பத்தில் அவர் ரத்தத்துக்குள் உட்கார்ந்து ஓயாமல் அவசரப்படுத்துகிறவர். அம்மா நாற்பத்து நான்கு வயதில் ரத்தப் புற்றுநோயில் போனார். அம்மாவின் அண்ணன், தம்பி இருவரும் ஐம்பதைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த மரபணு வரவில்லை, என் தம்பி அமலனுக்கு வந்தது. இப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து முப்பத்தெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய மஜ்ஜையை வெளியே எடுத்து, அதிலுள்ள செல்களில் பதினேழாம் மாற்றத்தைச் செய்து, திரும்ப உள்ளே செலுத்தினார்கள். நான்கு வருடம் ஆகிறது. ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. அமலன் இருபத்திரண்டாவது ஆள். அவனுக்குப் போன மாதம் நாற்பத்தொன்று முடிந்தது, கேக் வெட்டினோம்.

"எந்தக் குப்பியில இருந்து எடுத்த?" என்று ரிஸ்வானாவைக் கேட்டேன்.

"தினமும் எடுக்கற குப்பி காலி ஆயிடுச்சு மேடம். ஃப்ரீசர் அடித்தட்டுல ரொம்பப் பழசு ஒண்ணு இருந்துது. அதைத் தட்டுல தேய்ச்சேன்."

"எந்தப் பொட்டை எடுத்த?"

தட்டில் ஈஸ்ட் வளர்ந்தால் வெள்ளையாக வட்ட வட்டமாக இருக்கும். நாங்கள் பொட்டு என்போம்.

"கண்ணை மூடிக்கிட்டு எட்டு எடுத்தேன். எங்க பழைய லேப்ல அப்படித்தான் எடுக்கச் சொல்லுவாங்க. ஆறு சின்னது, ரெண்டு பெருசு. முப்பத்தொன்பதுல வெச்சா அந்த ரெண்டு பெருசு மட்டும்தான் வளருது. சின்னதெல்லாம் பிரியறப்பவே பாதியில நின்னு செத்துப்போவுது. ஆறு தடவை பார்த்துட்டேன் மேடம்."

சிரிப்பு நின்றது.

எங்கள் ஆய்வகத்தில் கண்ணை மூடிக்கொண்டு யாரும் பொட்டு எடுக்க மாட்டோம். பெரியதைத்தான் எடுப்போம். பதினைந்து வருடத்துக்கு முன்பு நாங்கள் இருந்த பழைய கட்டடத்தில் ஏசி கிடையாது. திருச்சி வெயிலில் மே மாதம் தட்டுகள் மேசையிலேயே கிடக்கும். சின்னச் சின்னதாக நோஞ்சான் பொட்டுகள் நிறைய வரும், நடுவில் இரண்டு மூன்று கொழுகொழுவென்று வரும். பேராசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்று, "சவலையை வெச்சிக்கிட்டு என்னம்மா ஆராய்ச்சி பண்றது? நல்லா வளர்ந்ததை எடு" என்பார். எடுத்தோம். பிறகு வந்தவர்களும் எங்களைப் பார்த்து எடுத்தார்கள். அதை யாரும் விதி என்று எழுதி வைக்கவில்லை. செருப்பை வாசலில் விடுவதுபோல அது வழக்கமாகிவிட்டது.

அந்த வெயிலில் பதினேழால் உண்மையில் தாங்க முடிந்திருக்காது. பெரும்பாலானவை திணறிச் சின்னதாகவே நின்றிருக்கும். ஒன்றிரண்டு செல்களில் மட்டும், வேறு ஏதோ ஒரு மரபணுவில், தானாக இன்னொரு பிறழ்வு நடந்திருக்கும். மாமன் கைவிட்ட வேலையை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டிருப்பார். அவை மட்டும் பெரிதாக வளர்ந்திருக்கும். நாங்கள் அவற்றை எடுத்து, பதினேழு எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது பாருங்கள் என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறோம்.

பழைய குறிப்பேடுகள் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. தேடி எடுத்தேன். "17: சின்னப் பொட்டு நிறைய. பெரியது மூன்று. பெரியதில் ஒன்று எடுத்தேன்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தது. கையெழுத்து என்னுடையது.

அன்றே பெரியதையும் சின்னதையும் மரபணு வரிசை படிக்கக் கொடுத்தேன். வியாழக்கிழமை மதியம் முடிவு வந்தது. சின்னதில் ஒரு மாற்றம், பெரியதில் இரண்டு. முப்பத்தெட்டுப் பேரின் மஜ்ஜையில் நாங்கள் எழுதியது ஒன்றைத்தான்.

பேராசிரியருக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற பிறகும் நிறுவனம் அவரை விடவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"எத்தனை தடவை பண்ணீங்க?"

"ரிஸ்வானா ஆறு தடவை. நான் இன்னும் பண்ணல சார்."

"நீ மூணு தடவை பண்ணு. அப்புறம் பேசலாம்."

"சார், ஈஸ்டுக்கு முப்பத்தொன்பதுன்னா மனுஷனுக்கு நூத்திரெண்டு காய்ச்சல். ரெண்டு மூணு நாள் தொடர்ந்து அடிச்சா மஜ்ஜையில பிரிஞ்சிக்கிட்டிருக்கற செல்லெல்லாம் பாதியில நின்னு செத்துரும். முதல்ல வெள்ளையணு போயிரும், அப்புறம் தட்டணு."

"ஈஸ்டு வேற, மனுஷன் வேறம்மா."

"நாலு வருஷம் முன்னாடி ரெண்டும் ஒண்ணுன்னுதான சார் சொன்னோம்?"

நான் அவரைப் புண்படுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன், புண்பட்டார். ஆனால் அதில் எனக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை.

"நாலு வருஷத்துல யாருக்குமே காய்ச்சல் வராமலா இருந்திருக்கும்?" என்றார்.

"முப்பத்தொண்ணாவது ஆளுக்கு வந்துது சார். போன ஐப்பசியில. அதுலதான் போயிட்டாரு."

"அது டெங்கு."

"டெங்கு டெஸ்ட் பாசிட்டிவா சார்?"

"வெள்ளையணுவும் தட்டணுவும் கொறைஞ்சிருந்துது. காய்ச்சல் சீசன். எல்லாரும்..." அவர் நிறுத்திக்கொண்டார். தட்டை மேசையில் வைத்தார்.

"திங்கக்கிழமை கமிட்டியைக் கூட்டறேன்," என்றார். "அதுவரைக்கும் வெளிய பேசாத. செலின், நான் மறைக்கச் சொல்லல. யோசிச்சுப் பாரு. முப்பத்தேழு பேருக்குப் போனைப் போட்டு, உனக்குக் காய்ச்சல் வந்தா செத்துப்போவேன்னு சொல்லுவியா? நாளைக்கு அது தப்புன்னு ஆச்சுன்னா? பயத்துல ஒருத்தர் கிணத்துல குதிச்சா அந்தப் பாவம் யாருக்கு? டாக்டர் பக்கத்துல இருக்கணும், மாத்திரை கைல இருக்கணும், அப்பத்தான் சொல்லணும். நாலு நாள்ல என்ன ஆவப்போவுது?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சரி சார் என்றேன். ஆனால் நான் சரி சொன்னது அந்த நியாயத்துக்காக இல்லை. குறிப்பேட்டில் இருந்த அந்தச் சிரிக்கும் முகத்துக்காக. அதை இன்னும் நாலு நாள் யாரும் பார்க்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. இப்போது இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

அன்று ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். அமலன் பாலக்கரையில் ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். ஆட்டோவில் போகும்போது கைப்பேசியை எடுத்தேன். முப்பத்தேழு பேரின் எண்ணும் என்னிடம் உண்டு. நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் பேசுகிற வேலை என்னுடையது. பொங்கலுக்குப் பொங்கல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாழ்த்து அனுப்புவேன், கரும்பும் பானையும் போட்ட படம். அதே பட்டியலைத் திறந்து தட்டச்சு செய்தேன். 'காய்ச்சல் வந்தால் நூறு டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.' ஒரு தடவை படித்தேன். பேராசிரியர் சொன்ன கிணறு ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன்.

அமலன் கையெல்லாம் கருப்பாக இருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"என்னக்கா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டான்.

"அதாவது நீங்க டெஸ்ட் பண்ணது ஒரு வண்டிய, எங்களுக்கு வித்தது வேற வண்டி."

"அப்படித்தான்டா."

"நீங்க பார்த்த வண்டில யாரோ ஏற்கெனவே ஒரு ஃபேனை மாட்டி வெச்சிருந்திருக்காங்க. அதனால சூடே ஆவல. எங்க வண்டில ஃபேன் இல்ல."

"ஆமா."

அவன் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. "ஏக்கா, கேன்சர்ல இந்நேரம் போயிருக்க வேண்டியவன் நான். காய்ச்சல்தான, பார்த்துக்கலாம். ராணிகிட்ட சொல்லி ஒரு தெர்மாமீட்டர் வாங்கச் சொல்றேன்."

"ரெண்டு வாங்கு. நூறு தாண்டுச்சுன்னா மாத்திரையப் போட்டு, ஈரத்துணி போட்டு, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். நீ ஊத்தப்பம் தின்னுட்டு சாவகாசமா வர்ற கதையெல்லாம் வேணாம். வீட்டுல தவிர வேற யார்கிட்டயும் சொல்லாத, திங்கக்கிழமை வரைக்கும்."

"மத்தவங்களுக்கு?"

"அதெல்லாம் நாங்க சொல்லிடுவோம்," என்றேன்.

அவன் தலையாட்டினான். அவன் எதை நினைத்துத் தலையாட்டினான் என்று எனக்குத் தெரியும். திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் அந்தச் சோதனையை என் கையாலேயே செய்தேன். சின்னப் பொட்டு, பெரிய பொட்டு, முப்பது, முப்பத்தேழு, முப்பத்தொன்பது. நடுவில் ராணிக்கு நாலு தடவை போன் செய்தேன். நாலாவது தடவை அவளுக்கே அலுத்துவிட்டது. "தொண்ணூத்தெட்டுதான் அண்ணி. இப்பத்தான் பார்த்தேன். வாய்ல தெர்மாமீட்டரோடவே திரியறாரு. கடைக்கு வர்றவங்க சிரிக்கறாங்களாம்." ஊரில் ஒரு காய்ச்சல் பரவிக்கொண்டிருப்பதாகச் செய்தித்தாளில் போட்டிருந்தது. ஆய்வகத்தில் இரண்டு பேர் லீவு. யார் தும்மினாலும் திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ராணி கூப்பிட்டாள். "அண்ணி, நூறு புள்ளி நாலு."

அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன்பே நான் போய் நின்றிருந்தேன். டாக்டர் இளம்பரிதி என்று ஓர் இளைஞர் பணியில் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. என் தம்பிக்கு மஜ்ஜை திருத்தியிருக்கிறது, சூடு ஏறினால் மஜ்ஜை நின்றுவிடும், எப்படியாவது ஏற விடாதீர்கள் என்றேன். இவனைப் போல இன்னும் முப்பத்தாறு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மாத்திரை, நரம்பில் குளிர்ந்த திரவம், அக்குளில் பனிக்கட்டிப் பைகள். மூன்று மணிக்கு நூற்றொன்று வரைக்கும் போனது, ராணி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அதற்கு மேல் ஏறவில்லை. ஆறு மணிக்கு நூறு. ஞாயிற்றுக்கிழமை காலை தொண்ணூற்றொன்பது. வெள்ளையணு கொஞ்சம் குறைந்து, அங்கேயே நின்றது.

"சாதாரண வைரஸ் காய்ச்சல்தான்," என்றார் டாக்டர். "ஆனா நீங்க சொன்னது நிஜம்னா, ஒரு நாள் லேட்டா வந்திருந்தா நான் டெங்குன்னு எழுதியிருப்பேன்."

பதினொரு மணிக்கு அமலன் இட்லி கேட்டான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, வெட்கமாக இருந்ததால் இட்லி வாங்கப் போனேன். படியில் இறங்கும்போது முட்டாள்தனமாகப் பாட்டு முணுமுணுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மதியம் அமலன் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்குப் போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, தமயந்தி டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். டீச்சர் நாலாவது மாடில இருக்காங்களாம். வெள்ளிக்கிழமை காலைல இருந்து காய்ச்சல்."

தமயந்தி ஒன்பதாவது ஆள். லால்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மஜ்ஜை மாற்றிய நாற்பது நாளும் அமலனுக்குப் பக்கத்து அறையில் இருந்தவர். நடுவில் கண்ணாடிச் சுவர். இவன் மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றினால் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடியைத் தட்டி மிரட்டுவார். அவன் பயந்த ஒரே டீச்சர் அவர்தான் என்று ராணி சொல்வாள்.

"எவ்வளவு இருக்காம்?" என்றேன்.

"நூத்திமூணு. ரெண்டு நாளா இறங்கவே இல்லியாம். டெங்குன்னு சொல்லி வெச்சிருக்காங்களாம்." அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணு புரியல அக்கா. நீங்க வியாழக்கிழமையே சொல்லியிருப்பீங்க. அப்புறம் ஏன் நூத்திமூணு வரைக்கும் விட்டாங்க? டீச்சர் அப்படி விடற ஆளே இல்லியே."

ராணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா," என்றான் அமலன். "சொன்னீங்கல்ல?"

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கமிட்டி, திங்கட்கிழமை, மூன்று தடவை சோதனை, எல்லாம் வாய்வரை வந்தன.

"எனக்கு மட்டுமா?"

"ஆமாடா."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. குனிந்து கையிலிருந்த பிளாஸ்டரை நீவிவிட்டுக்கொண்டான். ராணிதான் அழ ஆரம்பித்தாள்.

"போக்கா," என்றான். "மேல போயி சொல்லு. இங்க நிக்காத."

படியில் நின்று பட்டியலைத் திறந்தேன். வியாழக்கிழமை அழித்ததை மறுபடி எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அனுப்பினேன். இரண்டாவது மாடி ஏறுவதற்குள் பதினைந்து பேர் படித்துவிட்டார்கள். மூன்றாவது மாடியில் முதல் பதில் வந்தது: 'நன்றி மேடம். என் மகனுக்குத்தான் காய்ச்சல், எனக்கு இல்லை. பக்கத்தில் போகலாமா?' பேராசிரியர் கூப்பிட்டார். யாரோ அவருக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும்.

"அனுப்பிட்டியா?" என்றார்.

"அனுப்பிட்டேன் சார். ஒன்பதாவது ஆள் இங்க நூத்திமூணுல இருக்காங்க."

"எந்த ஆஸ்பத்திரி? நானும் வர்றேன்," என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

டாக்டர் இளம்பரிதியை இழுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனேன். இந்த முறை அவரிடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் ஓடினார். பனிக்கட்டிப் பைகள் வந்தன, குளிர்ந்த திரவம் வந்தது, இரண்டு நர்சுகள் வந்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தமயந்தியின் கணவர் குஞ்சிதபாதம், மடியில் ஒரு துணிப்பை. அதில் திருத்தி முடிக்காத பரீட்சைத் தாள்கள். காய்ச்சலோடு திருத்துவேன் என்று டீச்சர் எடுத்து வந்தாராம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "சூடு இறங்கிடுச்சு. நூறுல இருக்கு. ஆனா வெள்ளையணு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. மஜ்ஜைல பிரியாம தூங்கிட்டிருந்த செல் கொஞ்சமாவது மிச்சம் இருந்தா மெதுவா ஏறும். இல்லேன்னா..." என்றவர் கணவரைப் பார்த்து நிறுத்தினார். "ஒரு வாரம் பார்க்கணும். பேசணும்னா மாஸ்க் போட்டுட்டு போங்க. அஞ்சு நிமிஷம்."

குஞ்சிதபாதமும் நானும் உள்ளே போனோம். தமயந்தியின் உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் பழையபடி இருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"செலின் மேடம். டாக்டர் சொன்னாரு. டெங்கு இல்ல, வேறன்னு நீங்கதான் கண்டுபிடிச்சு ஓடி வந்தீங்களாம். நல்ல நேரத்துல வந்தீங்க மேடம்."

"எங்க கொலதெய்வம் மாதிரி வந்தீங்கம்மா," என்று குஞ்சிதபாதம் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

தமயந்தி மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு கவலையோடு கேட்டார்.

"அமலனுக்குச் சொல்லிட்டீங்களா? இவர் இன்னிக்கு கீழ பார்த்தாராம். அவன் ஒரு மடையன் மேடம். காய்ச்சலோட கடையத் தொறந்து வெச்சிட்டு உக்காந்துக்குவான். ஊர்ல எல்லாருக்கும் அப்புறம் சொல்லுங்க, முதல்ல அவனுக்குச் சொல்லுங்க."

"அவனுக்குத் தெரியும் டீச்சர். சரியாயிட்டான்."

"அப்பாடா. எப்ப சொன்னீங்க?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நேற்று காலை என்றால்கூட அவருக்குக் காய்ச்சல் ஏறிய பிறகுதான். யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்யப் போவதில்லை. குஞ்சிதபாதம் மனைவியின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மாஸ்குக்குள் என் மூச்சு சூடாக அடித்தது.

"வியாழக்கிழமை," என்றேன். "வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு. அவனுக்கு மட்டும்."

போர்வையை இழுத்த கை நின்றது. தமயந்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை போட்ட கணக்கை முதல் வரியிலிருந்து பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"வியாழக்கிழமை நான் ஸ்கூல்ல இருந்தேன் மேடம்," என்றார். "ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சிட்டு ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். எனக்குக் காய்ச்சலே இல்ல."